புனே: நகரத்தில் இரண்டு இரவு, பூநாரைக்கு ஒரு விடியல்

சஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதி தொடங்கும் இடத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புனே. மேற்கே மலைமுகட்டில் உள்ள லோனாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் புனேயில் சுமார் 700 மில்லிமீட்டர். இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளி பாராமதி, இந்தாபூர் வட்டங்களுக்குப் போனால் அது 500-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. காடும் விலங்கும் இந்த மழைக்கணக்கின்படியே பிரிந்து கிடக்கின்றன. மேற்கே போனால் மலையணில் தாவும் பசுமைக்காடு. கிழக்கே போனால் ஓநாயும் சிங்காரா மானும் திரியும் புல்வெளி. அதை ஒட்டியே, அணை கட்டிய ஆற்றின் விளிம்பில் பூநாரைக் கூட்டம். எல்லாம் நகரத்து ஓட்டல் அறையிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடக்கம்.

புலி பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது. மகாராஷ்டிரத்தின் பேர்போன புலிக்காடான தடோபா சந்திரபூர் மாவட்டத்தில், மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. நான்கு நாள் விடுமுறையில் புனேயையும் தடோபாவையும் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள் இரண்டையும் உருப்படியாகப் பார்ப்பதில்லை. கூட வரும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. புலி இல்லை என்று தெரிந்து கிளம்பிய பிள்ளைக்குத்தான் நரியும் உடும்பும் பெரிதாகத் தெரியும்.

குறுகிய பயணத்தில் பலரும் செய்யும் தவறு, கிழக்கையும் மேற்கையும் ஒரே தடவையில் முடிக்கப் பார்ப்பது. பீமாசங்கர் காடு நகருக்கு வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர். பிக்வண் பறவை நீர்நிலை தென்கிழக்கே ஏறத்தாழ அதே தூரம். இரண்டையும் சேர்த்தால் பாதி விடுமுறை நெடுஞ்சாலையிலேயே கழியும். எந்த மாதம் போகிறோம் என்பதைப் பார்த்து ஒரு திசையை எடுத்துக்கொண்டு, மற்றதை அடுத்த தடவைக்கு விட்டுவிடுவதே சரி.

எந்த மாதம், எந்தத் திசை

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளி விடுமுறைதான் காலண்டர். அரையாண்டுத் தேர்வு விடுமுறை, பொங்கல், பிறகு ஏப்ரல்-மே. முதல் இரண்டும் கிழக்குத் திசைக்கு வாய்ப்பான காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை புனேயில் பகல் வெயில் தாங்கும்படி இருக்கும்; இரவில் வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டி இறங்குவதுண்டு. சென்னை, மதுரைப் பிள்ளைகளுக்கு விடிகாலைப் படகில் ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் முடியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. மும்பைக் கூட்டமும் புனேக் கூட்டமும் ஒன்றாக லோனாவளா, மகாபலேஷ்வர், சிங்கட் பக்கம் கிளம்பிவிடும். கிழக்குச் சாலைகளில் அந்த நெரிசல் குறைவு. பொங்கல் விடுமுறை அதைவிடத் தோது.

ஏப்ரல், மே மாதங்களில் புனேயிலேயே வெயில் 38, 40 டிகிரி தொடும். புல்வெளி அப்போது அடுப்பாகக் காய்ந்து கிடக்கும். விலங்குகள் தண்ணீர்த் தொட்டிக்கு வருவதால் கண்ணில் படுவது எளிது என்றாலும், சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிற பயணத்துக்கு அது ஏற்றதில்லை. மே கடைசியில் போகிறவர்களுக்கு மேற்கே வேறொரு காட்சி காத்திருக்கிறது, அது பிறகு. ஆகஸ்ட்-செப்டம்பரில் வரும் கணேசோற்சவப் பத்து நாட்கள் புனேயின் பெருவிழா. அதைப் பார்ப்பதற்கென்றே போகலாம். ஆனால் அந்த நாட்களில் பழைய நகரத்துச் சாலைகளை மூடிவிடுவதால், காரில் வெளியூர் போய்வரும் திட்டம் எதுவும் ஓடாது.

போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்கள் பலவும் புனே வழியாகவே போகின்றன; ஏறத்தாழ 20 மணி நேரப் பயணம். கன்னியாகுமரியிலிருந்து புனே வரை நேரடி ரயிலே உண்டு. சோலாப்பூர், பிக்வண், தௌண்ட் என்ற வரிசையில்தான் இந்த ரயில்கள் புனேயை நெருங்கும். ஆக, பயணத்தின் முக்கியமான ஊரான பிக்வணை ரயில் முன்பே கடந்துவிடுகிறது. அங்கேயே இறங்கிவிடலாமே என்று தோன்றும். விரைவு ரயில் எல்லாம் அங்கே நிற்பதில்லை. நின்றாலும் மூட்டை முடிச்சோடு இறங்கிய பிறகு வண்டிக்குத் திண்டாட வேண்டும். விமானம் என்றால் லோஹகாவில் உள்ள புனே விமான நிலையம், விமானப்படையோடு ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்வது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

நகரத்தில் தங்கும் இடத்தை மெட்ரோவை வைத்து முடிவுசெய்வது புத்திசாலித்தனம். 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய புனே மெட்ரோவுக்கு இப்போது இரண்டு தடங்கள். பிம்ப்ரி-சிஞ்ச்வடிலிருந்து ஸ்வார்கேட் வரை ஊதாத் தடம். வனாஸிலிருந்து ராம்வாடி வரை நீலத் தடம். இரண்டும் சிவாஜிநகர் நீதிமன்ற நிலையத்தில் சந்திக்கின்றன. டெக்கன் ஜிம்கானா, சிவாஜிநகர் பக்கம் அறை எடுத்தால் பழைய நகரத்துக்கு நடந்தோ மெட்ரோவிலோ போய்வரலாம். சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் உடுப்பிப் பாணி ஓட்டல்கள் உண்டு, இட்லி கேட்கும் தாத்தா பாட்டிக்குக் கவலையில்லை. விமான நகர், கராடி, ஹடப்சர் பக்கத்து ஓட்டல்கள் ஐ.டி. நிறுவனத்தாருக்காக எழுந்தவை. அறை விசாலமாக இருக்கும், சுற்றிலும் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் சோலாப்பூர் நெடுஞ்சாலைக்கு ஹடப்சர்தான் வாசல். காலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறவர் ஊருக்குள் சிக்காமல் வெளியேறிவிடுவார்.

நகரத்து நாட்கள்

வந்து இறங்கிய பிற்பகலுக்குப் பழைய நகரம் போதும். சனிவார் வாடா, மராட்டிய அரசின் பிரதம அமைச்சரான முதலாம் பாஜிராவ் பேஷ்வா 1730-ல் அடிக்கல் நாட்டி 1732-ல் குடியேறிய அரண்மனை. 1828 தீவிபத்தில் மேல்மாடிகள் எல்லாம் போய், கருங்கல் அடித்தளமும் மதிலும் வாயில்களுமே மிச்சம். உள்ளே பெரிய மாளிகை இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. ஆனால் தில்லி வாயிலின் கதவுகளைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். யானை நெற்றியால் முட்டித் தள்ளாதபடி, யானையின் தலை உயரத்துக்கு இரும்பு முனைகளை வரிசையாக அடித்துவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் துளசி பாக் கடைத்தெரு. அதையடுத்து 1880-களில் ஆங்கிலேயர் கட்டிய, எண்கோணக் கோபுரத்துடன் கூடிய காய்கறிச் சந்தையான மண்டயி. ஊதாத் தடத்தில் இந்தப் பகுதியிலேயே நிலத்தடி நிலையங்கள் வந்துவிட்டதால், கால் வலிக்கிறது என்று யாராவது உட்கார்ந்துவிட்டால் அப்படியே ஸ்வார்கேட்டுக்கோ சிவாஜிநகருக்கோ திரும்பிவிடலாம்.

ஒரு சங்கதி: பழைய நகரத்துக் கடைகள் சிலவற்றில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கதவடைப்பு. புனேக்காரர்களின் பகல் தூக்கத்தைப் பற்றி மராத்தியில் இருக்கும் கிண்டல்களுக்குக் கணக்கில்லை. பாகர்வடி என்ற காரத் தின்பண்டம் வாங்க நினைப்பவர் அதற்கேற்ப நேரம் பார்த்துப் போக வேண்டும்.

ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் சுக்ரவார் பேட்டில் இருக்கிறது. தனி மனிதர் ஒருவர் ஊர் ஊராக அலைந்து சேர்த்த இருபதாயிரத்துக்கும் அதிகமான பொருட்களின் தொகுப்பு. இளவயதில் இறந்த மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்தார் கேல்கர். 1962-ல் எல்லாவற்றையும் மாநில அரசிடம் ஒப்படைத்தார். அரசர்களின் வாளும் கிரீடமும் அல்ல இதன் சிறப்பு. பாக்குவெட்டி, குத்துவிளக்கு, சீப்பு, மைக்கூடு, பாதம் தேய்க்கும் உலோகக் கட்டி என்று வீட்டுச் சாமான்களே வகைவகையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. குதிரை வடிவில், ஆணும் பெண்ணும் நிற்கிற வடிவில் செய்த பாக்குவெட்டிகளைப் பார்த்துவிட்டு நகரப் பாட்டிகளுக்கு மனம் வராது. பேத்திகளுக்குச் சொல்ல அவர்களிடம் கதை இருக்கும் அரிதான அருங்காட்சியகம் இது.

ஆகா கான் மாளிகை நகரின் கிழக்கே, நீலத் தடத்தின் கல்யாணி நகர் நிலையத்துக்கு அருகில். பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மூன்றாம் ஆகா கான் 1892-ல் கட்டியது. ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தின்போது 1942 ஆகஸ்ட் முதல் 1944 மே வரை காந்தியடிகளை இங்கேதான் சிறைவைத்தார்கள். சிறைக்கு வந்த ஆறாம் நாள், 1942 ஆகஸ்ட் 15-ல், செயலர் மகாதேவ தேசாய் இங்கே இறந்தார். 1944 பிப்ரவரி 22-ல் கஸ்தூர்பா. இருவரின் சமாதிகளும் தோட்டத்தின் பின்புறம் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை மாணவர்கள் நேரில் பார்க்கும் இடம் என்பதால், நேரம் குறைந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது.

காத்ரஜ் பகுதியில் உள்ள ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்கா இரண்டாம் நாள் காலைக்கு. ஸ்வார்கேட்டிலிருந்து சதாரா சாலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் அரை மணி நேரம். புனேயில் விலங்குகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பழையது. 18-ஆம் நூற்றாண்டிலேயே பார்வதி மலையடியில் பேஷ்வாக்கள் ஒரு விலங்குக் கொட்டடி வைத்திருந்தார்கள். 1953-ல் அதே பகுதியில் மாநகராட்சி பேஷ்வே பூங்காவைத் திறந்தது. கூண்டுகள் நெருக்கமாக இருந்ததால், 130 ஏக்கரில் அமைத்த காத்ரஜ் பூங்காவுக்கு விலங்குகளைப் படிப்படியாக மாற்றினார்கள். 1986 முதல் இயங்கும் பாம்புப் பூங்கா இதன் ஒரு பகுதி. அகழி சூழ்ந்த திறந்தவெளியில் புலியும் சிறுத்தையும் கரடியும் நடமாடும். தூரம் நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. புதன்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. இதை மறந்து திட்டமிட்டவர்கள் வாசலோடு திரும்புவார்கள்.

பூங்காவை ஒட்டிய காத்ரஜ் ஏரிக்கு ஒரு கதை உண்டு. 1750-ஐ ஒட்டி நானாசாகேப் பேஷ்வா காலத்தில் இங்கே அணை கட்டி, சுமார் எட்டு கிலோமீட்டர் நிலத்தடிக் கால்வாய் வழியே சனிவார் வாடாவுக்கும் நகரத்துத் தொட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோனார்கள். பம்பு இல்லை, வெறும் சரிவுதான். முந்தைய நாள் பார்த்த அரண்மனை நீரூற்றுக்கு நீர் வந்தது இங்கிருந்து என்று சொன்னால், இரண்டு இடமும் பிள்ளைகள் மனத்தில் சேர்ந்துகொள்ளும்.

விலங்கியல் பூங்காவுக்குப் போவதைக் காட்டுயிர் ஆர்வலர்கள் சிலர் இளப்பமாகப் பார்ப்பார்கள். ஆனால் குடும்பப் பயணத்தில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஓநாயும் கழுதைப்புலியும் எப்படி இருக்கும் என்று முன்னதாகப் பக்கத்தில் பார்த்துவிட்ட கண்ணுக்கு, இரண்டு நாள் கழித்து புல்வெளியில் நானூறு மீட்டர் தள்ளி ஒரு பழுப்பு நிழல் அசையும்போது அது எது என்று தெரியும். பார்க்காத கண்ணுக்கு அது நாய்.

கிழக்கே ஒரு சுற்று

மூன்றாம் நாள் அறையைக் காலிசெய்துவிட்டு, வாடகைக் காரில் கிளம்ப வேண்டும். பிக்வணுக்கு விடிகாலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். முடியும்தான். அதற்குப் பின்னிரவு மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஒரு இரவு அங்கேயே தங்குவதுதான் இந்தப் பயணம் முழுவதிலும் அதிகப் பலன் தரும் முடிவு. விலங்கும் பறவையும் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அங்கே இரவு தங்கினால் ஒரு மாலையும் ஒரு காலையும் முழுசாகக் கைக்கு வரும்.

நேர்வழியான சோலாப்பூர் நெடுஞ்சாலையை விட்டு, சாஸ்வட், ஜேஜுரி வழியாகச் சுற்றிப் போவது நல்லது. சாஸ்வட் இருக்கும் புரந்தர் வட்டம் அத்திப்பழத்துக்குப் பேர்போனது. புவிசார் குறியீடு பெற்றது. பருவத்தில் சாலையோரக் கூடைகளில் அத்தியோ சீதாப்பழமோ கிடைக்கும். ஜேஜுரியில் கண்டோபா கோயில். படியெங்கும் மஞ்சள் தூள். அங்கிருந்து 17 கிலோமீட்டரில் மோர்காவ், அஷ்டவிநாயகத் தலங்களில் முதலாவதாக வணங்கப்படும் மயூரேஸ்வரர் கோயில். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தைக் கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, மூன்றரை மணிக்கு மேல் சுபே கிராமத்துக்குப் போனால் மயூரேஸ்வர் வனவிலங்கு சரணாலயம்.

இது 1997-ல் அறிவிக்கப்பட்ட, ஐந்து சதுர கிலோமீட்டரை ஒட்டிய மிகச் சிறிய சரணாலயம். காடு என்று சொல்ல முடியாது. புதரும் புல்லும் கல்லும் கலந்த மேடுபள்ளம். காரிலேயே உள்ளே போகலாம். இங்கே பார்க்க வேண்டியது சிங்காரா. கிண்டியிலும் வல்லநாட்டிலும் நமக்குப் பழக்கமான வெளிமான் அல்ல இது. வெளிமான் கூட்டமாகத் திரியும், ஆணுக்குக் கறுப்பு நிறமும் முறுக்கிய கொம்பும் இருக்கும். சிங்காரா தனியாகவோ மூன்று நான்காகவோதான் நிற்கும். காய்ந்த புல்லின் நிறம். இருபது, இருபத்தைந்து கிலோ எடை. ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு, பெண்ணுக்குச் சிறியது. இலைதழையில் உள்ள ஈரத்தைக் கொண்டே பல நாள் தண்ணீர் குடிக்காமல் தாக்குப்பிடிக்கும். காரைக் கண்டதும் உடனே ஓடாது. வாலைப் படபடவென்று ஆட்டிக்கொண்டு நாலடி போகும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி நாலடி. அந்த வால் ஆட்டத்தை வைத்துத்தான் புல்லுக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் இதில் பெரியவர்களை முந்திக்கொள்வார்கள்.

பிக்வண்

சுபேயிலிருந்து பாராமதி வழியாக இரவுக்குள் பிக்வண் வந்துவிடலாம். பீமா ஆற்றுக்குக் குறுக்கே சோலாப்பூர் மாவட்டத்தில் கட்டி 1980-ல் முடிந்த உஜனி அணையின் பின்நீர் இங்கே வரை விரிந்து கிடக்கிறது. அணையின் கொள்ளளவு 117 டி.எம்.சி.; மேட்டூரைவிடப் பெரியது. பீமா உற்பத்தியாவது பீமாசங்கர் காட்டில். புனே நகருக்குள் ஓடும் மூளா-முட்டா ஆறும் வழியில் அதோடு சேர்கிறது. நகரம் ஆற்றில் விடுகிற கழிவெல்லாம் உஜனிக்குத்தான் வருகிறது என்பது கரையோர மக்களின் நெடுநாள் புகார், நியாயமான புகாரும்கூட. அணைக்காக ஊர்களும் வயல்களும் மூழ்கின. பலஸ்தேவ் கிராமத்தின் பழைய சிவன் கோயில், தண்ணீர் வெகுவாக வற்றும் கோடைகளில் கோபுரத்தோடு வெளியே வரும்.

படகுத்துறைகளில் பெயர்பெற்றது கும்பார்காவ். ஓட்டுகிறவர்கள் மீனவர்கள், வலைவீசிய அதே நீரில் இப்போது பறவை காட்டுகிறார்கள். எந்தப் பறவைக்கு எவ்வளவு கிட்டத்தில் போகலாம், எங்கே மோட்டாரை நிறுத்திக் கழியால் தள்ள வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. சூரியன் எழுவதற்கு முன்பே துறையில் இருக்க வேண்டும். முந்தைய நாள் மாலையே படகுக்குச் சொல்லிவைத்துவிட்டால், தங்குமிடத்துக்காரரே ஏற்பாடு செய்துவிடுவார். உயிர்காப்பு மேலங்கி எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளின் அளவுக்கு, இருக்கிறதா என்று இரவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாயகன் பெரும் பூநாரை. மராத்தியில் ‘ரோஹித்’ என்பார்கள், ‘அக்னிபங்க்’ என்றும் சொல்வார்கள். படகோட்டியிடம் இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் புரியும். கோடிக்கரையிலும் பழவேற்காட்டிலும் இதே பறவையைப் பார்த்தவர்கள் உண்டு. அங்கே உப்புநீர், இங்கே நன்னீர்ச் சேறு. அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, நாக்கால் நீரை இறைத்து, அலகின் ஓரத்துச் சீப்பில் பாசியையும் நுண்ணுயிர்களையும் வடித்துத் தின்கிறது. உணவில் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. குஞ்சுப் பருவத்துப் பறவை சாம்பல் நிறத்தில் இருக்கும். நின்றுகொண்டிருக்கும்போது வெளுத்துத் தெரியும் கூட்டம், எழும்ப நினைத்தால் தண்ணீர் மேலேயே பத்துப் பதினைந்து அடி ஓடும். இறக்கை விரிந்ததும் சிவப்பும் கறுப்பும் ஒன்றாக வெளிப்படும். அந்தப் படத்துக்காகப் படகைக் கூட்டத்துக்குள் விரட்டச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசும் கொடுக்கிற சுற்றுலாக்காரர்கள் இருக்கிறார்கள். பறவை இரை தின்னும் நேரத்தைப் பறிக்கிற வேலை அது. பொறுமையாக இருந்தால், எப்படியும் மேய்ச்சல் இடம் மாற்ற அவை தாமாகவே எழும்பும்.

பூநாரை எப்போது வரும் என்பது மாதத்தைவிடத் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. அதன் கால் எட்டும் ஆழத்தில் சேற்றுத்திட்டு வேண்டும். நல்ல மழை பெய்து அணை நிரம்பிய ஆண்டில் டிசம்பரிலும் திட்டு எதுவும் வெளிப்படாது; பூநாரைகளின் வருகை தள்ளிப்போகும். நீர் இறங்க இறங்க, ஜனவரி கடைசி, பிப்ரவரியில் கூட்டம் பெருகும். ஆகவே அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள், முன்பதிவு செய்யும்போதே படகோட்டியிடமோ தங்குமிடத்திலோ ‘தண்ணீர் எப்படி இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அந்தத் தடவை பூநாரை இல்லாவிட்டாலும் படகு வெறுமையாகத் திரும்பாது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள், மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், ஆற்று ஆலா, தண்ணீருக்குள் காலை நீட்டிப் பாய்ந்து மீனோடு எழும் விராலடிப்பான் என்று குளிர்காலம் முழுக்கக் கூட்டம்தான்.

இருநோக்கி வாங்கவோ இரவல் வாங்கவோ போகிறவர்கள் 8x42 அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவியை ஆடும் படகில் பிடித்தால் காட்சி நிலைகொள்ளாது. ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். இல்லையென்றால் பறவையைவிடச் சண்டைதான் அதிகம் நடக்கும்.

படகு எட்டரை, ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்ததும் போஹா என்ற அவல் உப்புமாவும் டீயும். மீன் சாப்பிடுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும். படகோட்டிகளின் வீடுகளில் சமைக்கும் பாக்ரி ரொட்டியும் காரமான மீன் குழம்பும் பிக்வணின் இரண்டாவது கவர்ச்சி. காரம் நம்மூர்க் காரத்துக்குக் குறைந்ததில்லை.

புல்வெளி

நேரமும் தெம்பும் இருப்பவர்கள் நான்காம் நாள் மாலையைப் புல்வெளிக்குக் கொடுக்கலாம். இந்தாபூர் வட்டத்துக் கடபன்வாடி, பாராமதி வட்டத்துச் சிர்சுபல் ஆகிய இடங்களில் மகாராஷ்டிர வனத்துறை புல்வெளி சஃபாரி நடத்துகிறது. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். காலை, மாலை என நேரம் பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாகக் கூட வருவார், அவர் இல்லாமல் போக அனுமதி இல்லை. இறங்கி நடக்கவும் கூடாது.

ஆங்கிலேயர் காலத்து வருவாய்க் கணக்கில் இத்தகைய நிலமெல்லாம் ‘தரிசு’. மரம் இல்லாத நிலம் வீண் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. புல்வெளியில் குழி வெட்டி மரம் நட்டு, அதைப் பசுமைத் திட்டம் என்று சொல்லும் வழக்கமும் நிற்கவில்லை. ஆனால் ஓநாய், கழுதைப்புலி, குள்ளநரி, சிங்காரா, கல்கௌதாரி, குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்து எல்லாவற்றுக்கும் வீடு இந்த மரமற்ற நிலம்தான். சஃபாரி வந்த பிறகு கிராமத்துக்கு அதனால் வருமானம் கிடைக்கிறது என்பதே இந்த நிலத்துக்குக் கிடைத்த முதல் வக்காலத்து.

இந்திய ஓநாய் இங்கே தங்கர் இனத்து ஆட்டிடையர்களோடு சேர்ந்தே வாழ்கிறது. நம் ராமநாதபுரத்துக் கீதாரிகளைப் போலக் கிடைபோட்டு ஊர் ஊராக நகரும் கூட்டம் அவர்கள். ஓநாய் ஆட்டைத் தூக்கும், அவர்கள் திட்டுவார்கள், நாயை ஏவுவார்கள். ஆனாலும் ஓநாய் இல்லாத மேய்ச்சல் நிலத்தை அவர்கள் கற்பனை செய்ததில்லை. இன்று ஓநாய்க்குப் பெரிய எதிரி வேட்டைக்காரர் அல்ல, தெருநாய். நாய்களிடமிருந்து நோய் தொற்றுகிறது. புனே அருகே ஓநாயும் நாயும் கலந்த கலப்பினம் இருப்பது மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது.

ஓநாயைப் பார்த்தே தீருவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சிங்காரா அநேகமாக நிச்சயம். குள்ளநரி, அதன் வளைக்கு அருகே, மாலையில் காதை நிமிர்த்தி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓநாய் வெயில் தாழும் நேரத்தில் ஓடை ஓரமாக, தலையைத் தாழ்த்தி, ஒரே சீரான ஓட்டநடையில் போகும். காரை ஒரு தடவை பார்க்கும், அவ்வளவுதான். குளிர்காலம் அதற்குக் குட்டி போடும் பருவம் என்பதால், குகை எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியை நச்சரிக்காமல் இருப்பது மரியாதை.

மேற்கே போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் புனேக்குப் போக நேர்ந்தால் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும். 1985-ல் அறிவிக்கப்பட்ட பீமாசங்கர் சரணாலயம் 130 சதுர கிலோமீட்டர், மலையணிலுக்காக உருவானது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கான இதை ‘சேக்ரு’ என்கிறார்கள். டாப்சிலிப்பில் பார்க்கும் மலையணிலின் அதே இனம்தான், ஆனால் உட்பிரிவு வேறு. முதுகில் கறுப்பு இல்லாமல் செம்பழுப்பாகவே இருக்கும். வாலோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளம். மரத்தின் உச்சிக் கிளையில் பந்துபோல் இலைக்கூடு தெரிந்தால் அதன் கீழே நின்று காத்திருக்கலாம். ஜோதிர்லிங்கத் தலம் என்பதால் சனி, ஞாயிறு, சிவராத்திரி, ஆவணித் திங்கள்களில் கூட்டம் நெரியும். அணில் அப்போது சத்தத்தை விட்டு உள்ளே போய்விடும்.

மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, மழைக்கு முந்தைய அந்த இரண்டு, மூன்று வாரம், ராஜ்மாச்சி, பண்டார்தரா பக்கத்து மலைப்பள்ளத்தாக்குகளில் மின்மினிகள் மரம் மரமாகச் சேர்ந்து ஒன்றாக மின்னும். தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறந்துவிடுவதால் மே கடைசி வாரம்தான் தோது. டார்ச்சும் கார் விளக்கும் அவற்றின் இணைசேர்க்கையைக் கெடுக்கும். வார இறுதிகளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், வார நாளில் போவது மின்மினிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.

ஒரு அரைநாள் மட்டும் மிஞ்சினால் சிங்கட் கோட்டை. நகருக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். 1,312 மீட்டர் உயரம். 1670-ல் மராட்டியத் தளபதி தானாஜி மாலுசரே உயிர்கொடுத்து மீட்ட கோட்டை. கயிறு கட்டிய உடும்பைச் சுவரில் ஏற்றி, அதன் பிடியில் வீரர்கள் ஏறினார்கள் என்ற கதையை வழியெல்லாம் சொல்வார்கள். உச்சியில் பாக்ரியும் பிட்லா என்ற கடலைமாவுக் கூட்டும், மண்சட்டித் தயிரும்.

ஜுன்னர், ஆம்பேகாவ், சிரூர் வட்டங்களில் பண்ணைவீட்டில் தங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கரும்புத் தோட்டங்களிலேயே சிறுத்தைகள் குட்டி போட்டு வாழ்கின்றன. மனிதர்கள் தாக்கப்பட்டதும் உண்டு. இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தனியே வெளியே விடக்கூடாது. சிறுத்தையைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டு போகவும் கூடாது.

முன்பதிவு வரிசை

நாட்களை அமைப்பதில் இரண்டு கட்டுப்பாடுகள்: காத்ரஜ் பூங்காவுக்குப் புதன் விடுமுறை, பிக்வணில் சனி, ஞாயிறு கேமராக்காரர்களின் கூட்டம். ஞாயிறு மதியம் புனேயில் இறங்கி, திங்கள் பூங்காவும் நகரமும் முடித்து, செவ்வாய் காலை கிழக்கே புறப்பட்டு, புதன் விடியலில் படகேறினால் இரண்டும் ஒத்துவரும். முதலில் பதிவு செய்ய வேண்டியது ரயில்; விடுமுறைக் காலத்தில் அது அறுபது நாள் முன்னதாகவே தீர்ந்துவிடும். அடுத்து பிக்வணில் தங்குமிடம், அங்கே அறைகள் குறைவு. புல்வெளி சஃபாரி மூன்றாவது. நகரத்து ஓட்டல் கடைசியில் பார்த்தாலும் கிடைக்கும். வாடகைக் காரை இரண்டு நாளுக்குச் சேர்த்து, ஓட்டுநரின் இரவுப் படியையும் சுங்கக் கட்டணத்தையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். பாராமதி தாண்டிய கிராமங்களில் இந்தி ஓரளவு செல்லும், மராத்தி தெரிந்த ஓட்டுநர் என்றால் வழிகாட்டியிடமும் படகோட்டியிடமும் பேச்சு தடைப்படாது.

திரும்பும் ரயிலையோ விமானத்தையோ புதன் இரவு ஒன்பதுக்கு முன்னால் வைத்துக்கொள்ளக் கூடாது. கடபன்வாடி மாலை சஃபாரியையும் பார்ப்பதானால் வியாழன் காலைக்குத் தள்ளிவிடுவதே உசிதம். மாலையில் சோலாப்பூர் நெடுஞ்சாலை லோணி காள்போரிலிருந்தே நிரம்பத் தொடங்கும். ஹடப்சரைக் கடக்க மட்டும் ஒரு மணி நேரம் போய்விடும்.